மஸ்டாங் வி6: நான்கரை ஆண்டு, 53,000 மைல்

ஃபோர்டு மஸ்டாங் கார் வைத்திருக்கிறேன் என்றால் கேட்பவர் முகம் மலரும். அடுத்த கேள்வி, "வி8 தானே?" எட்டு சிலிண்டர் இன்ஜின் இல்லை, ஆறு சிலிண்டர் வி6 என்றதும் அந்த மலர்ச்சி பாதியாகிவிடும். அந்தப் பாதி முகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

எனக்கு டாலஸ் பக்கம் வேலை, தினமும் போகவர 44 மைல். வாங்கினால் 2015 முதல் 2017 வரையிலான வண்டிதான் என்று முடிவு செய்திருந்தேன். சாதாரண மஸ்டாங்குக்கும் பின்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் வந்தது 2015 மாடலில்தான். அந்த மூன்று வருட வண்டிகளில் மூன்று இன்ஜின் கிடைக்கும். 3.7 லிட்டர் வி6 300 குதிரைத்திறன். 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ, அதாவது ஈகோபூஸ்ட், 310. 5.0 லிட்டர் வி8 போட்ட ஜிடி 435. 2018-இல் வி6-ஐயே நிறுத்திவிட்டார்கள்.

காகிதத்தில் பார்த்தால் வி6-க்கு வேலையே இல்லை. டர்போவின் முறுக்குவிசை 320 பவுண்டு-அடி, அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போதே வந்துவிடும். வி6-க்கு 280தான், அதற்கும் 4,000 வரை போக வேண்டும். மைலேஜிலும் டர்போதான் முன்னால். நானும் ஈகோபூஸ்ட் வாங்கும் எண்ணத்தோடுதான் கிளம்பினேன்.

முதலில் பார்த்தது ஒரு ஜிடி. ஸ்டார்ட் செய்ததும் வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். கூட வந்த நண்பர் பின்சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது விரலில் கருகிய ரப்பர் துணுக்குகள். வளைவின் உள்பக்கம் முழுக்க ஒட்டிக் காய்ந்து கிடந்தது. பின்டயர் இரண்டும் புத்தம் புதுசு, மலிவு ரகம். முன்டயர் இரண்டும் பழசு. நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டுப் புகை கிளப்பி விளையாடிய வண்டி. விற்பனையாளரோ, வயதான ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டினார் என்று சாதித்தார். சரி, அந்த ஞாயிறுகள் எப்படிப் போயின என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து ஈகோபூஸ்ட். ஓட்டினால் சுகம், மிதித்தவுடன் இழுக்கிறது. ஆனால் பானெட்டைத் திறந்தால் காற்றுக் குழாயின் கிளாம்ப் திருகுகளில் புதிதாகக் கீறல். வெளியில் வாங்கிய பாகங்களைப் போட்டு ஓட்டிவிட்டு, விற்கும் முன் பழையதை மாட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். கணினியில் டியூனை மாற்றி டர்போவில் அழுத்தத்தைக் கூட்டி ஓட்டியிருந்தால், பிறகு பழைய டியூனை ஏற்றி வைத்தாலும் பட்ட அடி பட்டதுதான். அது இல்லாவிட்டாலும் இந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்தான் பாய்கிறது. இன்டேக் வால்வின் முதுகை பெட்ரோல் கழுவ வழியில்லாததால், ஆயில் ஆவி படிந்து நாளாவட்டத்தில் கரி கட்டும். இன்னொன்று, அந்த 310 என்பது 93 ஆக்டேன், அதாவது விலை கூடிய உயர்ரகப் பெட்ரோலுக்கான கணக்கு. வி6 சாதாரண 87 ஆக்டேனைக் குடித்தே 300 தரும்.

மூன்றாவதாக வந்தது இந்த வி6. மேனுவல் கியர், 38,000 மைல், ஒரே உரிமையாளர். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆயில் மாற்றிய ரசீதுகளைத் தேதிவாரியாக ஒரு கோப்பில் வைத்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய வண்டியில் இன்ஜினோடு சேர்த்து அதை ஓட்டியவரின் காலையும் வாங்குகிறோம். வி6-ஐ வைத்துக்கொண்டு யாரும் வீரம் காட்டுவதில்லை. ஒரு எச்சரிக்கை: வாடகை வண்டியாக ஓடியவையும் இதில் உண்டு, உரிமையாளர் விவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்ஜினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப் பற்றிப் பலர் பயமுறுத்தினார்கள். இதே குடும்பத்து இன்ஜினைக் குறுக்கு வாட்டில் வைத்த வண்டிகளில் பம்ப் டைமிங் செயினோடு உள்ளே இருக்கும். கசிந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்து இன்ஜினே போய்விடலாம். மஸ்டாங்கில் இன்ஜின் நெடுக்காக நிற்கிறது, பம்ப் வெளியே பெல்ட்டில் ஓடுகிறது. அந்தப் பயம் இதற்குப் பொருந்தாது.

முதல் ஆறு மாதம் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஹைவேயில் லாரியைத் தாண்ட ஆறாவது கியரில் மிதித்தால், வண்டி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். நான்காவதற்கு இறக்கினால் 4,500 சுற்றுக்கு மேல் ஆளே மாறிவிடும். இப்போது கை தானாக இறக்குகிறது, அதில்தான் எனக்கு ருசியே. ஜிடியைவிட எடை ஏறக்குறைய 180 பவுண்டு குறைவு, வளைவில் மூக்கு லேசாகத் திரும்பும்.

செலவு சொல்லும்படி இல்லை. ஆறு குவார்ட் ஆயில், ஃபில்டர், ஒரு தடவை பிரேக் பேட், ஒரு பேட்டரி. வேலைக்குப் போய்வரும் ஓட்டத்தில் கேலனுக்கு 22, 23 மைல்; ஹூஸ்டன் பக்கம் பேர்லாந்து மீனாட்சி கோவிலுக்கு ஐ-45 ஹைவேயில் போனால் 28. டிக்கி நினைத்ததைவிடப் பெரியது. பின்சீட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "ஏங்க, இது சீட்டா, பை வைக்கிற இடமா?" என்று மனைவி முதல் நாள் கேட்டதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சத்தம்தான் குறை. போன டிசம்பரில் நண்பர் 2018 ஜிடி வாங்கினார், 460 குதிரைத்திறன். காலைக் குளிரில் அவர் ஸ்டார்ட் செய்தால் நான் காபியோடு வாசலுக்கு வந்துவிடுவேன். அந்த வருடத்திலிருந்து வி8-இல் பெட்ரோல் சிலிண்டருக்குள் நேராகவும், இன்டேக் வால்வுக்கு முன்னாலும் என இரண்டு வழியிலும் பாய்வதால் கரிப் பிரச்சினைக்கும் இடம் குறைவு. ரசீதோடு, ஒரே உரிமையாளர் ஓட்டிய அப்படி ஒன்று கிடைத்தால், இன்ஷூரன்ஸுக்குக் கூடுதலாகக் கட்டவும் மனம் இருந்தால், யோசிக்காமல் அதையே வாங்குங்கள். நான் தேடியபோது அந்த விலைக்கு என் கை எட்டவில்லை.

இப்போது மீட்டர் 91,000. அடுத்த மாதம் பின்டயர் இரண்டும் மாற்ற வேண்டும்.