இலத்தீன் உணவுச்சொல் அட்டைகள்: குறில் நெடில் பிழைத்த நல்ல பெட்டி

கண்டியில் விற்கும் 120 அட்டைகள் கொண்ட பெட்டி, 1,800 ரூபாய். முன்பக்கம் இலத்தீன் எழுத்து, அதன்கீழ் தமிழ் உச்சரிப்பு, பின்பக்கம் பொருள்.

சொற்தெரிவு அருமை. பொர்ரும் (லீக்ஸ்), பேட்ட (பீட்ரூட்), பிரஸ்ஸிக்க (கோவா) என்று நுவரெலியாத் தோட்டத்து மரக்கறிகளே முதலில் வருகின்றன. ரோமரும் இவற்றைச் சாப்பிட்டார்கள். ஆனால் நம் வாயில் ஏற்கெனவே புழங்கும் இலத்தீனைத் தொடாமல் விட்டது பெரிய குறை. பாண் என்பது போர்த்துக்கேயர் வழி வந்த பானிஸ். கோவா, தண்டைக் குறிக்கும் கௌலிஸ் வழியில் வந்தது. விஸ்கோத்து என்பது பிஸ் கொக்துஸ், இருமுறை வெந்தது. வினாகிரிக்குள் வீனும் இருக்கிறது. இவற்றைச் சொல்லித் தொடங்கினால் பிள்ளைக்குப் பயம் விட்டுப்போகும்.

மோசமான பிழை உச்சரிப்பில். அப்பிளுக்கு 'மலும்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். மலும் என்றால் தீமை, பழம் மாலும். சாதாரண இலத்தீன் அச்சில் இந்த வேறுபாடு தெரியாது. தமிழ் எழுத்தோ குறிலையும் நெடிலையும் தானாகவே பிரித்துக் காட்டும். அந்த வசதியை வீணாக்கியதை மன்னிக்க முடியவில்லை. 'வினும்', 'கெனா', 'ஒவும்' என்பவற்றையும் வீனும் (வைன்), கேன (மாலைச் சாப்பாடு), ஓவும் (முட்டை) என்று திருத்துங்கள். லக் (பால்), மெல் (தேன்) குறிலேதான், தொடவேண்டாம்.

அடுத்தது, சொற்களின் ஆறாம் வேற்றுமை வடிவமும் ஆண்பால், பெண்பால் குறிப்பும் இல்லை. 'கரோ, இறைச்சி' என்று மட்டும் படித்த மாணவர் 'கர்னெம்' (இறைச்சியை) என்று கண்டால் திகைப்பார். கரோ, கர்னிஸ், பெண்பால். லக், லக்திஸ், அலிப்பால். பானிஸ், பானிஸ், ஆண்பால் என்று எழுதிக்கொண்டால், கர்த்தர் கற்பித்த செபத்தில் வரும் 'பானெம் நொஸ்த்ரும்' (எங்கள் அப்பத்தை) உடனே பிடிபடும். உம்-மில் முடியும் சொற்களுக்கு இந்த வேலை வேண்டாம், அவை ஒரே விதிப்படி போகும்.

பத்தியப் பகுதி மெலிவு. நோன்புக்கு இயேயூனியும் உண்டு, வீக்துஸ் (உணவுமுறை) இல்லை. மருத்துவம் உணவால், மருந்தால், கையால் ஆற்றுவது என மூன்றாகப் பிரிந்ததை எழுதிய ரோம நூலாசிரியர் கெல்சுஸ், முதலாவதற்கு எடுத்த சொல்லே அது. ரோமர் அறியாத உருளைக்கிழங்குக்கு அட்டை இருக்கும்போது இதற்கு இடமில்லையா?

தாளுக்கு லாமினேட் இல்லை. மூடுபனிக் காலத்தில் ஓரம் சுருளும், ஜெல் பேனா மை ஊறும். பென்சிலால் எழுதி, இறுக்கமான தகர டப்பாவில் வையுங்கள்.