டேட்டாடேபிள்ஸ் அட்டவணையில் ஐபி நெடுவரிசை: சில வருடங்கள் பயன்படுத்திப் பார்த்ததில்

அலுவலகத்தில் ஸ்விட்ச், கேமரா, பிரிண்டர், அக்சஸ் பாயின்ட் எல்லாவற்றையும் பட்டியல் போட ஒரு உள்பக்கம் வைத்திருக்கிறோம். டேட்டாடேபிள்ஸ் (வலைப்பக்க அட்டவணைக்கு வரிசைப்படுத்தல், தேடல் எல்லாம் சேர்த்துத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) போட்ட ஒரே பெரிய அட்டவணை, அவ்வளவுதான். பல வருடமாக ஓடுகிறது. தேடல், பக்கம் பிரித்தல் பற்றியெல்லாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐபி, அதாவது கருவியின் நெட்வொர்க் முகவரி, இருக்கும் நெடுவரிசையைப் பற்றித்தான் எழுத விஷயம் இருக்கிறது, ஏனென்றால் பக்கத்தைத் திறக்கிற எவரும் முதலில் சொடுக்குவது அந்தத் தலைப்பைத்தான்.

ஒன்றும் செய்யாமல் விட்டால் டேட்டாடேபிள்ஸ் ஐபியை வெறும் எழுத்துச் சரமாகத்தான் பார்க்கும். 192.168.1.1, அடுத்து 192.168.1.10, 192.168.1.100, 192.168.1.101, 192.168.1.11, இத்தனையும் தாண்டித்தான் 192.168.1.2 வரும். பார்க்க அசிங்கம் என்பது போகட்டும், எங்களுக்கு இந்த வரிசை தேவைப்படுவதே காலி முகவரி கண்டுபிடிக்க. புதுக் கேமரா மாட்ட வருபவர் 37க்குப் பிறகு நேராக 41 இருப்பதைப் பார்த்தால் நடுவில் மூன்று காலி என்று உடனே தெரிய வேண்டும், ஒரே ஐபியை இரண்டு பேர் பதிந்திருந்தால் அது அடுத்தடுத்த வரியில் நிற்க வேண்டும்.

இதற்கென்றே ஐபி-அட்ரஸ் என்று ஒரு பிளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்) இருக்கிறது. நெடுவரிசையின் டைப்பை அப்படிக் குறிப்பிட்டுவிட்டால் போதும். ஒவ்வொரு பகுதியையும் மூன்று இலக்கமாக நிரப்பி ஒட்டுவதுதான் அதன் சூட்சுமம்: 10.0.5.20 என்பது 010000005020 ஆகிவிடும், அப்புறம் எழுத்தாக ஒப்பிட்டாலும் எண் வரிசை சரியாக வரும். நீளமான புதுவகை முகவரியான ஐபிவி6-ஐயும் அது பார்த்துக்கொள்கிறது. டைப்பை நாமே சொல்லிவிடுவது நல்லது. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால், எங்கோ ஒரு செல்லில் யாராவது "டிஹெச்சிபி" (ஐபி தானாகக் கிடைக்கும் முறை) என்று தட்டிவைத்ததும் மொத்த நெடுவரிசையும் பழையபடி எழுத்து வரிசைக்குப் போய்விடும்.

சரி, பிளக்-இன் எதற்கு, நாமே நான்கு வரி எழுதிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் ஒரு பொறி. முதல் பகுதியை 24 பிட் இடப்பக்கம் தள்ளி 32 பிட் எண்ணாக்குவதுதான் பலரும் எழுதும் குறுக்குவழி. ஜாவாஸ்கிரிப்டில் அந்தத் தள்ளல் குறியுள்ள (மைனஸும் வரக்கூடிய) எண்ணைத் தருவதால் 128-லும் அதற்கு மேலும் தொடங்கும் முகவரி எல்லாம் மைனஸ் ஆகி, 172-ம் 192-ம் 10க்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். நெட்வொர்க் முழுக்க 10-ல் தொடங்குவதாக இருந்தால் இது கண்ணிலேயே படாது. தள்ளுவதற்குப் பதில் 256 ஆல் பெருக்கிக்கொண்டே போனால் இந்தத் தொல்லை இல்லை.

"அட்டவணையிலேயே 010.000.005.020 என்று எழுதிவிட்டால் என்ன?" என்று யோசனை சொல்பவரும் உண்டு. வேண்டவே வேண்டாம். அதை அப்படியே காப்பி செய்து பிங் (கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால், முன்னால் சுழியம் உள்ள எண்ணை எட்டடிமானமாக (0 முதல் 7 வரை மட்டுமே உள்ள எண்முறை) எடுத்துக்கொள்ளும் கருவிகள் 8.0.5.16-க்குப் போகும்.

எனக்குக் கடைசிவரை பிடித்துப்போனது டேட்டா-ஆர்டர் என்ற ஹெச்டிஎம்எல் பண்பை வைக்கும் வழிதான். செல்லில் மனிதர் படிக்கும் முகவரி இருக்கும், அதே டேக்கில் வரிசைக்கான எண்ணை சர்வரே எழுதி அனுப்பிவிடும். பிளக்-இன்னே தேவையில்லை, அதனால் டேட்டாடேபிள்ஸ் 1-லிருந்து 2-ஆம் பதிப்புக்கு மாறும்போது இந்தப் பகுதியை யாரும் தொட வேண்டியிருக்கவில்லை. எண்ணைத் தனி மறை நெடுவரிசையில் வைத்து ஆர்டர்டேட்டா என்ற அமைப்பு மூலம் இணைக்கலாம்தான், ஆனால் மறைத்தது தேடலிலும் சிக்கும், எக்செல் ஏற்றுமதியிலும் வந்து நிற்கும். இரண்டையும் தனித்தனியாக அணைத்துவைக்க வேண்டும்.

வரிகள் பெருகி சர்வர் பக்கமே பிரித்து அனுப்பும் முறைக்கு மாறினால் மேலே சொன்னது எதுவும் உதவாது. உலாவி எந்த நெடுவரிசை, ஏறுவரிசையா இறங்குவரிசையா என்பதை மட்டும் அனுப்பும், வேலை முழுக்க டேட்டாபேஸுடையது. போஸ்ட்கிரெஸ் என்றால் ஐபிக்கென்றே உள்ள ஐநெட் டைப்பில் சேமித்தால் முடிந்தது. ஐபிவி4 (மேலே பார்த்த நான்கு பகுதி முகவரிகள்) எல்லாம் முதலில், ஐபிவி6 பின்னால், கேட்காமலே. மையெஸ்கியூஎல்-லில் முகவரியைப் பைட்டுகளாக்கும் ஐநெட்6_ஏடான் பயன்படுத்தும்போது மட்டும் கவனம். அது ஐபிவி4-ஐ 4 பைட்டாகவும் ஐபிவி6-ஐ 16 பைட்டாகவும் தருவதால், இரண்டும் கலந்த நெடுவரிசையில் 2001 என்று தொடங்கும் ஐபிவி6 முகவரிகள் 10-க்கும் 172-க்கும் நடுவே நுழைந்துவிடும். முதல் இரண்டு பைட் 32, 1 என்பதுதான் காரணம், டேட்டாபேஸைக் குறை சொல்ல முடியாது. முதலில் நீளத்தின்படி, அப்புறம் மதிப்பின்படி வரிசைப்படுத்தினால் சரியாகிவிடும்.

மேக் முகவரி (கருவியின் வன்பொருள் அடையாளம்) நெடுவரிசைக்கு இத்தனை பாடு இல்லை. எப்போதும் 12 இலக்கம் என்பதால் எழுத்து வரிசையே போதும். என்ன, சில கருவிகள் முக்காற்புள்ளி வைக்கும், சில கோடு, சிஸ்கோ நான்கு நான்காகப் பிரித்துப் புள்ளி வைக்கும்; பதியும்போதே ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள்.