ஓலைச்சுவடிக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய்: கடலோரத்தில் எந்த அளவுக்கு நம்பலாம்?

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் ஏட்டுக்கட்டு வைத்திருக்கும் வீடுகளும் சிறு நூலகங்களும் முதலில் வாங்குவது இந்த எண்ணெயைத்தான். வாங்கலாம், நல்ல பொருள். ஆனால் புட்டியின் மேல் பூச்சிக்கொல்லி என்று போட்டிருந்தால் அதை நம்பி வாங்க வேண்டாம். வாசத்துக்குப் பூச்சி கொஞ்சம் விலகும். ஓலைக்குள் இருக்கும் முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும். இதன் உண்மையான வேலை, காய்ந்து விறைத்த ஓலையை வளையும் பதத்துக்குக் கொண்டுவருவது.

கலப்படம் அதிகம். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். நல்ல எண்ணெய் ஆவியாகிவிடும், மிஞ்சினால் இலேசான மஞ்சள் நிறம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடி போலத் தெரியும் பிசுக்குக் கறை நின்றால் தேங்காய் எண்ணெயோ வேறு எதுவோ கலந்திருக்கிறது. அது ஓலையிலிருந்து போகவே போகாது. தூசியை இழுத்து ஏட்டோடு ஏட்டை ஒட்டவைக்கும்.

நம் கரையில் எண்ணெயைவிட முக்கியம், எண்ணெய்க்கு முன்னால் செய்வது. காற்றில் வரும் உப்பு ஏட்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பே நீரை இழுத்துக் கசியும். அதன் மேல் எண்ணெய் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும், சில வாரத்தில் பூஞ்சை வரும். அதனால் ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் கட்டை அவிழ்க்கவே வேண்டாம். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் நாளில், ஈரப்பதமானியில் 60க்குக் கீழே காட்டும் நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். வெயிலில் காயவைக்கவே வேண்டாம், ஓலை நெளிந்து வெடிக்கும்.

மென்மையான தூரிகையால் ஓலையின் நரம்பு ஓடும் திசையில் தூசியையும் உப்பையும் தட்டுங்கள். அழுக்கு விடாவிட்டால் எத்தில் ஆல்கஹாலும் காய்ச்சி வடித்த நீரும் சம அளவு கலந்து, பஞ்சில் தொட்டு, எழுத்தில்லாத ஓரத்தில் சோதித்த பிறகே துடைக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பின், பக்கத்துக்கு 2, 3 சொட்டு எண்ணெயைப் பஞ்சில் எடுத்து மெல்லத் தேயுங்கள். 100 ஏடுள்ள கட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 30 மி.லி. போதும். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரியை இதே எண்ணெயில் குழைத்துத் தடவி, மேலே நிற்பதைத் துடைத்துவிடலாம். கீறலுக்குள் கரி தங்கும். நிழலில் விரித்து, தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டாத வரை காத்திருந்து கயிறு கோத்து மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுங்கள். கயிற்றை இறுக்கி இழுத்தால் துளை கிழியும்.

இராமநாதபுரத்துப் பனையோலை தடிப்பானது, எண்ணெயை மெதுவாகத்தான் குடிக்கும். இரண்டாம் முறை பூச அவசரப்படாதீர்கள். தாளிப்பனை ஓலை மெல்லிசு; அதற்குப் பாதி அளவே போதும்.

இதை எல்லா ஏட்டுக்கும் பூசிவிடக் கூடாது. நம் ஏட்டில் எழுத்து எழுத்தாணிக் கீறலுக்குள் இருப்பதால்தான் மேலே துடைத்தாலும் தப்பிக்கிறது. வங்கம், பீகார் பக்கம் பால அரச மரபினர் காலத்தில் எழுதிய பௌத்த ஏடுகளில் ஓவியம் ஓலையின் மேற்பரப்பில் இருக்கிறது. ஐரோப்பாவின் இடைக்காலத் தோல் சுவடிகளில் பொன் தகடும் லாபிஸ் லசூலி என்ற நீல நிறக் கல்லின் பொடி வண்ணமும் அப்படியே தோலின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் எண்ணெய்ப் பஞ்சு பட்டால் வண்ணம் பெயரும். கீழக்கரைப் பக்கத்து அரபுத்தமிழ்க் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்துப் பிரதிகள் காகிதம். அவற்றில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது. சிவப்பு மையில் எழுதிய தலைப்புகள் கலங்கினால் மீட்க வழியில்லை.

பூச்சிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்த பொடியோடு கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பார்கள். அது பூச்சியை விலக்கும். வாசம் குறைந்ததும் பொடியை மாற்றுங்கள்.

ஒட்டிப்போன ஏடுகளைப் பிரிக்க எண்ணெயை ஊற்றுவது பெரிய தவறு; அந்தக் கட்டைத் தொடாமல் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். எண்ணெயை லிட்டர் கணக்கில் வாங்காதீர்கள், காற்றுப் பட்டால் கெடும். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் 100 மி.லி. வாங்கினால் மூன்று கட்டுக்கு வரும்.