கரண்ட் ஸ்டேஷனுக்குள்ள சாமி சிலைங்க: ரோம் போறவங்க இதை விட்றாதீங்க

நம்ம பாலக்காட்டு சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் இப்ப தெருவுக்கு ஒரு புள்ள நர்ஸ் வேலைக்குன்னு வெளிநாடு போயிருக்குதுங்க, எங்க பாப்பாவும் ரோம்ல தான் இருக்கா, பேரன் பொறந்ததுக்கு நானும் வீட்டம்மாவும் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தோம். அந்த மாதிரி போற அப்பா அம்மாங்களுக்கு ஒதவட்டும்னு தான் இதை எழுதறேன்.

மொத வாரம் எல்லாரும் போற எடத்துக்கே போனோம். பேர் வேண்டாம். வெயில்ல வரிசையில நின்னு வீட்டம்மாவுக்கு முட்டி வீங்கி, இனி இடிஞ்ச செவுத்தை பாக்க என்னை கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டா. அப்பதான் மாப்ள, மாமா நீங்க லைன்மேனா இருந்தவரு, உங்களுக்குன்னே ஒரு எடம் இருக்கு வாங்கன்னு கூட்டிட்டு போனாரு. சென்ட்ராலே மோன்தெமார்தினி. 1912ல ஆரம்பிச்ச கரண்ட் ஸ்டேஷன், ரோம் நகராட்சி சொந்தமா வெச்ச மொத ஸ்டேஷன் இதுதான், 1963ல நிறுத்திட்டாங்க. 1997ல கேப்பிடோலின் மலை மேல இருக்கற பெரிய மியூசியத்துல ரிப்பேர் வேலை நடந்தப்ப சிலைங்களை கொஞ்ச நாளைக்கு வெக்க எடம் வேணும்னு இங்க கொண்டாந்து வெச்சிருக்காங்க, அப்புறம் பாத்தவங்களுக்கு பிடிச்சுப்போயி நெறைய சிலைங்க இங்கயே தங்கிருச்சு.

உள்ள போனதும் நான் சிலையை பாக்கலைங்க, பொய் சொல்ல மாட்டேன். 1933ல வெச்ச ரெண்டு டீசல் இன்ஜின், ஒவ்வொண்ணும் 7500 குதிரை சக்தி, நம்மூரு ரைஸ் மில்லு சைஸுக்கு கருப்பா நிக்குது. படிக்கட்டு, கைப்பிடி, மீட்டர், சுவிட்ச்போர்டு எல்லாம் தொடச்சு வெச்சிருக்காங்க, 29 வருஷம் சர்வீஸ் பாத்தவனுக்கு கை பரபரங்குது. வீட்டம்மா தான் சட்டையை பிடிச்சு இழுத்து, ஏனுங்க அந்தப் பொம்பளையை பாருங்கன்னா. இன்ஜினுக்கு முன்னாடி வெள்ள வெளேர்னு சிலைங்க. அந்த கருப்பு இரும்புக்கு முன்னாடி வெள்ளக்கல்லு எப்படி தெரியுதுங்கறீங்க! மத்த மியூசியத்துல வெள்ள செவுத்துக்கு முன்னாடி வெள்ள சிலையை வெச்சு வெச்சு நமக்கு ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது, இங்க துணி மடிப்பு வரைக்கும் தெரியுது. போலிஹிம்னியான்னு ஒரு கலைத் தேவதை, போர்வையை இழுத்து போத்திக்கிட்டு பாறை மேல சாஞ்சு எதையோ யோசிச்சிட்டு நிக்குது. மார்கழி மாசம் எங்க அம்மா வாசல்ல நிக்கற மாதிரியே இருந்துச்சு.

இந்த சிலைங்க எல்லாம் எங்கிருந்து வந்துச்சுங்கறது தான் விஷயமே. 1870க்கு அப்புறம் ரோம் இத்தாலிக்கு தலைநகரம் ஆச்சு, ஆபீஸு, வீடு, ரோடுன்னு ஊர் பூரா தோண்ட ஆரம்பிச்சாங்க, தோண்ற எடமெல்லாம் தலை, கை, கால்னு வந்துக்கிட்டே இருந்துச்சாம். எஸ்குயிலின்னு ஒரு மேட்டுப் பகுதி, அந்தக் காலத்துல பெரும் பணக்காரங்க தோட்டம் போட்டு சிலை வெச்சிருந்த எடம் (நம்ம கரையிலருந்து கப்பல்ல போன மிளகை தின்னவங்க தான், அவங்க ஊர்ல மிளகுக்குன்னே தனி கிடங்கு இருந்துச்சு). பிற்காலத்துல அந்த சிலைங்களை ஒடச்சு செவுத்துக்குள்ள கல்லோட கல்லா வெச்சு கட்டிருக்காங்க, மிச்சத்தை சூளையில போட்டு சுண்ணாம்பாக்கிட்டாங்க. செவுத்தை இடிச்சு துண்டு துண்டா எடுத்து ஒட்ட வெச்சது தான் நெறைய.

எனக்கு ரொம்ப பிடிச்சது ஒரு ராட்சச தலை. ஃபோர்ச்சூனான்னு அதிர்ஷ்ட தேவதை, கி.மு. 101ல ஒரு போர்ல ஜெயிச்சதுக்கு கட்டுன வட்டக் கோயில்ல இருந்தது. மொத்தம் 8 மீட்டர் ஒசரம் இருந்திருக்கும்ங்கறாங்க, நம்ம லைன் போஸ்ட் ஒசரம் வெச்சுக்குங்க. தலை, கை, பாதம் மட்டும் பளிங்கு, மீதி ஒடம்பு வேற சாமான்ல செஞ்சது, அது போயிருச்சு. 1920கள்ல லார்கோ அர்ஜென்டினாங்கற எடத்துல பழைய வீடுங்களை இடிச்சப்ப கெடச்சது. அந்த எடத்துக்கும் மறுநாள் போனோம், ட்ராம், பஸ்ஸெல்லாம் ஓடற நடு ஊர், ரோட்டுக்கு கீழ பள்ளத்துல நாலு கோயில், அது மேல பூரா பூனைங்க படுத்திருக்கு. அந்தக் காலத்துல ரோமை ஆண்ட ஜூலியஸ் சீசரை குத்திக் கொன்ன எடமும் அதுலயே ஒரு ஓரத்துல தான்.

இப்பவும் நிக்கலைங்க. மாப்ள போன்ல காட்டுனாரு, 2023 ஜனவரியில அப்பியாங்கற பழைய ரோமர் காலத்து ரோட்டுப் பக்கம் சாக்கடை குழாய் மாத்த தோண்டிருக்காங்க, 20 மீட்டர் ஆழத்துல ஆள் ஒசர பளிங்கு சிலை, சிங்கத் தோலு, கையில தடி, ஹெர்குலிஸ்ங்கற புராண பலசாலி வேஷம். சேத்துக்குள்ளருந்து மூஞ்சி மட்டும் தெரியுது, பக்கத்துல மண்ணு வாரற மிஷினு. அந்த ஆபரேட்டர் மிஷினை நிறுத்திருக்கான் பாருங்க.

ஏன் சொல்றேன்னா, ரொம்ப வருஷம் முன்னாடி வேலந்தாவளம் பக்கம் ஒரு தோட்டத்து ஓரமா போஸ்ட் குழி எடுத்தப்ப கடப்பாரை டொக்குனு ஒரு பானையில எறங்குச்சு. அந்தக் காலத்துல செத்தவங்களை வெச்சு பொதைக்கற பெரிய தாழி, மலையாளத்துல நன்னங்ஙாடிம்பாங்க. உள்ள எலும்பு மாதிரி, ஒரு துருப்புடிச்ச இரும்பு. தோட்டக்காரரு கைய கும்பிட்டாரு, யாரு கிட்டயும் சொல்லாதீங்க எடத்தை புடுங்கிக்குவாங்கன்னு. சாயங்காலத்துக்குள்ள லைன் சார்ஜ் பண்ணணும். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம், நான் தான் ஒடச்சேன், போஸ்ட்டை எறக்கி கல்லு போட்டு இறுக்கி ஆறு மணிக்கு கரண்ட் குடுத்துட்டோம். அந்த இன்ஜின் ஹால்ல நிக்கும்போது அந்த டொக்குங்கற சத்தம் காதுல கேட்டுச்சு. வீட்டம்மா கிட்ட அங்க வெச்சு தான் மொத தடவ சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல, அந்த தலையவே பாத்துட்டு இருந்தா.

போற வழி: மெட்ரோ பி லைன்ல கார்பதெல்லா ஸ்டேஷன்ல எறங்கி பத்து நிமிஷம் நடை, ரோடு பேரு வியா ஒஸ்தியென்சே. நாங்க போன அன்னிக்கு வரிசையே இல்ல, ஹாலுக்கு பத்து பேர் இருந்தா அதிகம். ரெண்டு மணி நேரம் வெச்சுக்குங்க, லைன்மேனா இருந்தவங்க மூணு. திங்கக்கிழமை லீவு.