தோட்டத் தெளிப்பான்களுக்கு எந்த வயரிங்?

கொழும்பில் பத்துப் பேர்ச் காணியில் வீடு கட்டி, எஞ்சிய துண்டு நிலத்தில் புல் வளர்ப்பவர்கள் தெளிப்பான் பொருத்த முனையும்போது முதலில் வயரின் விலையையே விசாரிக்கிறார்கள். என் கருத்தில், முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்ப் பம்பியை. ஐந்து மீற்றர் உயரத்திலுள்ள மேல்தாங்கி ஏறத்தாழ அரை பார் அழுத்தமே தரும். புல்தரையிலிருந்து எழும்பித் தெளிக்கும் வகைக்கோ இரண்டு பார் அளவு தேவை. ஆகவே பம்பி இன்றியமையாதது; அதை எது இயக்குவது என்பதே வயரிங் முறையின் தெரிவைத் தீர்மானிக்கிறது.

வழமையான பலகம்பி முறையில், கட்டுப்பாட்டுக் கருவி 230 வோல்ட்டை 24 வோல்ட் மாறுமின்னோட்டமாகக் குறைத்து, தெளிப்பான்களுக்கான தண்ணீரைத் திறந்து மூடும் ஒவ்வொரு வால்வுக்கும் தனிக் கம்பி வழியாக அனுப்புகிறது. எல்லா வால்வுகளுக்கும் பொதுவான கம்பி ஒன்று திரும்பி வருகிறது. நான்கு வால்வுகளுக்கு ஐந்து கம்பிகள் போதுமெனினும், ஏழு கம்பிக் கேபிளை வாங்குங்கள். ஒன்று அறுந்தால் மீண்டும் மண்ணைத் தோண்ட வேண்டியிராது. கருவியின் பம்பி முனையிலிருந்து ஒரு ரிலேயை (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இணைத்தால் பம்பியும் உடன் இயங்கும். பழுது பார்ப்பதும் எளிது: மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பொதுக் கம்பிக்கும் வால்வுக் கம்பிக்கும் இடையே மல்டிமீற்றரால் மின்தடையை அளந்தால், வால்வைத் திறக்கும் மின்சுருள் நல்ல நிலையில் இருப்பின் பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும், சுழியை ஒட்டினால் குறுக்குச்சுற்று, எல்லையின்றிக் காட்டினால் கம்பியோ சுருளோ அறுந்திருக்கிறது. மண்ணுக்குள் இருக்கும் மூட்டுகளுக்கு இன்சுலேஷன் ரேப் போதாது. ஒக்டோபர், நவம்பர் மழை குழிகளை நிரப்பும்போது செம்பு பச்சை பிடித்துவிடும். கிறீஸ் நிரம்பிய நீர்புகா இணைப்பிகளே வேண்டும்.

இரண்டே கம்பிகளில், தமக்குரிய கட்டளையை மட்டும் பிரித்தறியும் டிகோடர்கள் மூலம் வால்வுகளை இயக்கும் முறை கோல்ப் மைதானங்களுக்கு உரியது. வீட்டில் டிகோடரின் விலை மிச்சமான வயரின் விலையை விழுங்கிவிடும்; மின்னல் அதிர்வுக்கும் அவை எளிதில் பலியாகும்.

பற்றரி முறையின் கதை வேறு. 9 வோல்ட் பற்றரி தரும் ஒரு துடிப்பு வால்வைத் திறக்கும், எதிர்த்திசைத் துடிப்பு மூடும். இடையில் வால்வுக்கு மின்சாரமே செலவாகாது. கம்பி புதைக்க வேண்டியதில்லை என்பதால், முற்றம் முழுவதும் ஏற்கெனவே கல் பதித்துவிட்டவர்களுக்கு இது வரம்தான். ஆனால் இதன் சுருள் வேறு வகை. 24 வோல்ட் சுருளைப் போட்டால் இயங்காது. பெரும்பாலான பற்றரிக் கருவிகளால் பம்பியை இயக்கவும் முடியாது. ஆகையால், குழாயில் அழுத்தம் குறைந்ததும் தானாக இயங்கும் பம்பி உங்கள் வீட்டில் இருந்தால் மட்டும் இதைத் தெரிவுசெய்யுங்கள்; இல்லையேல் பலகம்பியே நல்லது. அப்போதும், பம்பியின் 230 வோல்ட் இணைப்பை மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ரிப் சுவிட்சுக்குப் பின்னால், தகுதியுள்ள மின்பணியாளரே செய்யட்டும்.