எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டம்: சிறு பட்டறைக்கு எந்தப் பிரிவு உதவும், எங்கே கை சுடும்

கோவையில் மோனோசெட் பம்பு (மோட்டாரும் பம்பும் ஒரே அலகாக இருப்பது) செய்யும் ஒரு சிறு பட்டறையை எடுத்துக்கொள்வோம். வார்ப்பு வெளி ஃபவுண்டரியில், பேட்டர்ன் (மணலில் அச்சு எடுக்கும் மாதிரி) வேறொரு கடையில், வைண்டிங் ஜாப் ஒர்க்கில். பம்பு இழுக்கும் கரண்டைக் குறைக்க வேண்டுமானால் நீரைத் தள்ளும் சுழல்சக்கரமான இம்பெல்லரின் வடிவத்தை மாற்ற வேண்டும். அதற்குக் கணக்குப் போடத் தெரிந்தவர் பட்டறையில் இல்லை, நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொறியியல் கல்லூரியில் இருக்கிறார். வெளியே இருக்கும் அந்த அறிவை முறையாக உள்ளே கொண்டுவருவதைத்தான் இன்று 'திறந்த புத்தாக்கம்' என்கிறார்கள். இதற்குத் துணையாக மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2022 மார்ச் 10 அன்று தொடங்கியதுதான் எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டம். இன்குபேஷன் (புது யோசனையை வளர்த்தெடுப்பது), டிசைன், அறிவுசார் சொத்துரிமை என்று அதில் மூன்று பிரிவுகள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். டிசைன் பிரிவில் உள்ள மாணவர் திட்டம்தான் சிறு பட்டறைக்கு மிகப் பொருத்தமானது. அறிவுசார் சொத்துப் பிரிவு நல்லது, ஆனால் பணம் கடைசியில்தான் வரும். இன்குபேஷன் பிரிவு புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு ஏற்றது. ஆர்டர் கையில் வைத்திருக்கும் பட்டறைக்காரரின் வேகத்துக்கு ஒத்துவராது. மூன்றுமே கல்லூரியையும் பட்டறையையும் ஒரே மேசையில் உட்காரவைக்கின்றன. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் அவர்கள் இருவரும்தான் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். எழுதாமல் இறங்கியவர்கள் இழப்பது மானியத் தொகையைவிடப் பெரியது.

இன்குபேஷன் பிரிவில் நுழைய வழி, அமைச்சகம் அவ்வப்போது நடத்தும் ஐடியா ஹேக்கத்தான் என்ற யோசனைப் போட்டி. மூன்றாவது சுற்று பெண்களுக்கு, நான்காவது இளைஞர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. எனவே எந்தச் சுற்று யாருக்கு என்று பார்த்த பிறகே நேரத்தைச் செலவிடுங்கள். தேர்வாகும் ஒவ்வொரு யோசனைக்கும் 15 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பலர் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். அந்தப் பணம் யோசனை கொடுத்தவரின் கணக்குக்கு வராது. அவரை ஏற்கும் நிறுவனத்துக்கு, பெரும்பாலும் ஒரு கல்லூரிக்குப் போகும். இயந்திரங்கள் வாங்க அந்த நிறுவனத்துக்கு 1 கோடி வரை தனியாக உண்டு. அந்த இயந்திரங்களும் அவர்களுடையவைதான். ஒரு பேட்டர்ன் செய்ய வேண்டுமென்றாலும் கல்லூரியின் கொள்முதல் விதிப்படி கொட்டேஷன், குழு, ஒப்புதல் என்று நகரும். பட்டறையில் மாலையில் போன் செய்து மறுநாள் காலையில் எடுத்துவரும் வேலை அது. இதைக் கல்லூரியின் குற்றமாகச் சொல்லவில்லை. பொதுப்பணம் அப்படித்தான் நடக்க வேண்டும். உங்கள் டெலிவரி தேதியை அதன்மேல் கட்டாதீர்கள் என்பதே எங்கள் பேச்சு.

ஹேக்கத்தான் படிவத்தை நிரப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் கண்டுபிடிப்புக்குத் தேதி பிடித்துவைக்கும் தற்காலிக பேட்டன்ட் விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிடுங்கள். உத்யம் சான்றிதழும் (சிறுதொழில் பதிவுச் சான்று) சலுகை கோரும் படிவம் 28-ம் சேர்த்து ஆன்லைனில் போட்டால் சிறு நிறுவனத்துக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். இந்தச் சலுகை இல்லாதவருக்கு 8,000. முழு விவரக்குறிப்பை 12 மாதத்துக்குள் கொடுத்தால் போதும். ஆனால் 'குறைந்த மின்சாரத்தில் ஓடும் பம்பு' என்று அரைப்பக்கம் எழுதிப் போடுவதில் ஒரு பயனும் இல்லை. வேனின் (இம்பெல்லரின் இதழ்) வளைவு, நீர் வெளியேறும் வாயகலம், அவை ஏன் அப்படி என்பதெல்லாம் முதல் விண்ணப்பத்திலேயே இருந்தால்தான் அந்தத் தேதி உங்களுக்கு உதவும். பிறகு சேர்க்கும் புதுச் செய்திக்குப் பிந்தைய தேதிதான்.

டிசைன் பிரிவுக்கு வருவோம். ஐஐஎஸ்சி, ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்கள் வழியாக நடக்கும் பிரிவு இது. பெரிய டிசைன் திட்டத்துக்கு 40 லட்சம் வரை உதவி உண்டு. குறுந்தொழிலுக்குச் செலவில் 75 விழுக்காட்டையும் சிறு, நடுத்தரத் தொழிலுக்கு 60 விழுக்காட்டையும் அரசு ஏற்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல் குறுந்தொழில் என்பதன் எல்லை 2.5 கோடி முதலீடு, 10 கோடி விற்பனை என்று உயர்ந்திருக்கிறது. முன்பு 'சிறு' என்றிருந்த பல பட்டறைகள் இப்போது 'குறு' ஆகியிருக்கும். உத்யம் சான்றிதழைப் புதுப்பித்துப் பாருங்கள்.

மாணவர் திட்டத்தின் உச்சவரம்பு 2.5 லட்சம், உதவி 75 விழுக்காடு. 2 லட்ச ரூபாய் வேலை என்றால் பட்டறை போடுவது 50 ஆயிரம். இறுதியாண்டு மாணவர் இருவர், ஒரு பேராசிரியர், நீரோட்டத்தைக் கணக்கிடும் கல்லூரியின் சிஎஃப்டி மென்பொருள் ஆகிய மூன்றும் அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. கேள்வி சிறியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 'நல்ல பம்பு வேண்டும்' என்று கேட்டால் நூறு பக்க அறிக்கை வரும். '1 எச்பி, இதே வால்யூட் (இம்பெல்லரைச் சுற்றிய உறை), இதே மோட்டார். 20 மீட்டர் ஹெட்டில் (நீரை ஏற்றும் உயரம்) உள்ளே போகும் வாட்டைக் குறைக்க இம்பெல்லரில் மட்டும் என்ன மாற்றலாம்?' என்று கேட்டால் டிராயிங் வரும்.

அந்த டிராயிங்தான் அடுத்த கண்டம். கணினியில் இம்பெல்லரின் உட்சுவர் கண்ணாடிபோல் இருக்கும். மணல் வார்ப்பில் அப்படி வராது. மாணவர் வேன் தடிமனை 2 மி.மீ. என்று வரைந்திருப்பார். சாம்பல் வார்ப்பிரும்பில் 3 மி.மீ.க்குக் கீழே போனால் உருகிய உலோகம் முழுதும் ஓடாமல் பாதியில் உறைந்து நிற்கும். சுருக்கத்துக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு கூட்டியே பேட்டர்ன் செய்ய வேண்டும்; அதோடு மணலிலிருந்து பேட்டர்ன் உருவ ஒன்றிரண்டு டிகிரி சரிவும் வேண்டும். இம்பெல்லரின் வெளிவிட்டத்தை லேத்தில் சரிசெய்துவிடலாம். நீர் வெளியேறும் வாயகலத்தில் டூல் நுழையாது. 6 மி.மீ. என்று வரைந்த வாய், உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் கோர் நகர்ந்து 5 மி.மீ. ஆக வந்தால் நீர் போகும் பரப்பில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். கணினியில் கிடைத்த லாபம் முழுவதும் அங்கேயே கரையும். முதல் மாதத்திலேயே பேட்டர்ன் செய்பவரையும் ஃபவுண்டரி மேற்பார்வையாளரையும் மாணவரோடு உட்காரவைப்பதுதான் பரிகாரம். இதைச் செய்த பட்டறையும் செய்யாத பட்டறையும் ஒரே கல்லூரியிலிருந்து இருவேறு முடிவுகளோடு திரும்புகின்றன.

மாதிரிக்கு 3டி அச்சு பயன்படும், எல்லையோடு. சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். டெலிவரி வால்வை மூடி ஓட்டும்போது உள்ளே நீர் சூடேறுவதால் அச்சிட்ட இம்பெல்லரை வைத்துச் செயல்திறன் அளப்பது வீண். அதையே பேட்டர்னாக வைத்து முதல் நான்கைந்து வார்ப்புகளை எடுப்பது நல்ல உபாயம். எண்ணிக்கை உறுதியான பிறகு அலுமினியப் பேட்டர்னுக்குச் செலவழிக்கலாம்.

சோதனையில் பழைய இம்பெல்லருக்கும் புதியதற்கும் ஒரே மோட்டார், ஒரே வோல்டேஜ், ஒரே நீர்மட்டம் இருக்க வேண்டும். ஒருநாள் 230 வோல்ட்டிலும் மறுநாள் 215 வோல்ட்டிலும் எடுத்த எண்களை ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. பட்டறைத் தொட்டியில் பார்த்த பிறகு சிட்டார்க் போன்ற பம்பு சோதனைக் கூடத்தில் அறிக்கை வாங்குங்கள். ஹெட், நீரளவு, வாட் ஆகிய மூன்றும் குறைந்தது மூன்று புள்ளிகளில் பதிவாக வேண்டும். அடுத்து வரும் பேட்டன்ட் வேலைக்கு உயிர் கொடுப்பது அந்த அட்டவணைதான்.

அறிவுசார் சொத்துப் பிரிவில் உள்நாட்டு பேட்டன்ட்டுக்கு 1 லட்சம், வெளிநாட்டு பேட்டன்ட்டுக்கு 5 லட்சம், புவிசார் குறியீட்டுக்கு 2 லட்சம், டிசைன் பதிவுக்கு 15 ஆயிரம், டிரேட்மார்க்குக்கு 10 ஆயிரம் என்ற வரம்புவரை செலவைத் திருப்பித் தருகிறார்கள். எல்லாமே பதிவாகி, உரிமம் கைக்கு வந்த பிறகு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஒன்றும் இல்லை. பேட்டன்ட் கிடைக்க ஆண்டுகள் ஆகும் என்பதால் இதை நம்பி ஏஜென்ட் கட்டணத்தைக் கடனில் போடாதீர்கள். டிரேட்மார்க்குக்கு இந்தக் கவலை குறைவு. சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்தான், வரம்புக்குள் அடங்கும்.

பேட்டன்ட்டின் அரசுக் கட்டணம் யாரையும் பயமுறுத்தாது: 1,600 ரூபாயோடு, பரிசீலனை கோரிக்கைக்கு 4,000. விரைவுப் பரிசீலனை வேண்டுமானால் அந்த 4,000-க்குப் பதில் 8,000. பக்கம் 30-ஐயும் உரிமைக்கோரிக்கை 10-ஐயும் தாண்டினால் கூடுதல் கட்டணம். செலவின் பெரும்பகுதி எழுதித் தரும் ஏஜென்ட்டுக்குப் போகும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கெடுவை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பரிசீலனை கோரிக்கைக்கு முன்பு 48 மாத அவகாசம் இருந்தது. 2024 மார்ச் திருத்தத்துக்குப் பிறகு 31 மாதம். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும். முதல் பரிசீலனை அறிக்கை வந்தால் ஆறு மாதத்துக்குள் பதில்.

பட்டறைகளிலிருந்து போகும் விண்ணப்பங்கள் அதிகம் மாட்டுவது பேட்டன்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவில். தெரிந்த சாதனங்களை அருகருகே வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. பம்போடு ஒரு சென்சாரை மாட்டி, தண்ணீர் தீர்ந்தால் போனுக்கு மெசேஜ் வரும் என்றால் பெரும்பாலும் இந்த ஆட்சேபம்தான் வரும். இரண்டும் சேர்ந்ததால் மட்டுமே விளைந்த புதுப் பலன் எது என்று காட்ட வேண்டும். மேலே சொன்ன அட்டவணை அங்கே பேசும்.

டிசைன் பதிவைப் பற்றியும் ஒரு குழப்பம். அது தோற்றத்துக்கு மட்டும். வெட் கிரைண்டரின் உடல் வடிவத்துக்குப் பொருந்தும். பத்து ஆண்டு, பிறகு ஐந்து ஆண்டு நீட்டிப்பு. பம்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் வேனைக் காக்க அதை நாடுவது பொருத்தமில்லாதது.

இனி ஒப்பந்தம். இந்த விமரிசனத்தை எழுதத் தூண்டியதே இதுதான். பேட்டன்ட் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் சமபங்கு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தானே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் இன்னொருவருக்கு லைசென்ஸ் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ மற்றவரின் சம்மதம் வேண்டும். கல்லூரியும் பட்டறையும் நட்பாகச் சேர்ந்து விண்ணப்பித்தால், நாளை ராஜ்கோட்டிலிருந்து ஒருவர் லைசென்ஸ் கேட்டு வரும்போது கல்லூரி நிர்வாகத்தின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். அவர்களுக்கும் அதே கட்டுதான். ஒப்பந்தத்தில் ஒரே வரியாக முன்சம்மதத்தை எழுதிக்கொண்டால் இது தீரும்: பம்புத் துறையில் முழு உரிமை பட்டறைக்கு, பிற துறைகளில் கல்லூரிக்கு.

இரண்டாவது ஆபத்து, நல்லெண்ணத்தோடு வருவது. மாணவர் மார்ச் மாதம் கல்லூரிக் கண்காட்சியில் மாடலை வைப்பார், பேராசிரியர் கட்டுரை அனுப்புவார். விண்ணப்பத்துக்கு முன் அது வெளியானால் புதுமை போயிற்று. அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சிகளுக்கும் கற்றறிந்தோர் சங்கத்தில் வாசிக்கும் கட்டுரைக்கும் சட்டம் 12 மாத விலக்கு தருகிறது. கல்லூரியின் ஆண்டுக் கண்காட்சி அதில் சேராது. வெளியிடுவதற்கு 60 நாள் முன்பே பட்டறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதுங்கள். வெளியிடவே கூடாது என்று தடுக்காதீர்கள். அவர்களுக்குக் கட்டுரைதான் சம்பாத்தியம்.

கசிவு கல்லூரியிலிருந்து மட்டும் வருவதில்லை. பேட்டர்ன் யார் வீட்டில் கிடக்கிறது? ஃபவுண்டரியின் ஓரத்தில் அது கிடந்தால், அடுத்த தெரு பட்டறைக்காரரும் அதே மேற்பார்வையாளரிடம்தான் வார்க்கிறார். வணிக ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. நீங்கள் எழுதிக்கொண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தமே உங்கள் முக்கிய அரண். பேட்டர்ன் பட்டறையின் சொத்து, ஒவ்வொரு வார்ப்புத் தொகுதி முடிந்ததும் திரும்ப வரும் என்று ஃபவுண்டரி ஆர்டரிலேயே அச்சிட்டுவிடுங்கள்.

தொகை இவ்வளவு பெரிதாக வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் முடித்துக்கொள்ளலாம் என்பவர்கள் மாநில அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமான ஈடிஐஐ தரும் இன்னோவேஷன் வவுச்சரைப் பார்க்கலாம். முதல் வகை 2 லட்சம், இரண்டாம் வகை 5 லட்சம் வரை. ஒரே ஒரு சோதனை, ஒரே ஒரு மாதிரி என்ற அளவில் கல்லூரியோடு பழகிப் பார்க்க அது போதும்.

மாணவர் திட்டத்தில் இறங்குபவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கண்டுபிடிப்பில் பங்கிருக்கும் மாணவர் பெயர் விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளராக வர வேண்டும். அவர் தன் உரிமையை மாற்றித் தந்த கையெழுத்து, விண்ணப்பித்த ஆறு மாதத்துக்குள் பேட்டன்ட் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மே மாதம் தேர்வு முடிந்ததும் அவர் பெங்களூருக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுவார். கையெழுத்தை வேலை தொடங்கும் நாளிலேயே வாங்குங்கள். முடிவான டிராயிங் பிடிஎஃப்பாக மட்டுமன்றி, டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவுப் பிசகு) எழுதிய தாளாகவும் திருத்தக்கூடிய மூல ஃபைலாகவும் வேறு மென்பொருளிலும் திறக்கும் ஸ்டெப் ஃபைலாகவும் பட்டறைக்கு வரும் என்பதையும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.