விளிம்புக்கு அப்பால்: முடிவில்லாத பிரபஞ்சமா, மூடிய பிரபஞ்சமா?

"அங்கிள், பிரபஞ்சம் விரியுதுன்னா எதுக்குள்ள விரியுது?" சிங்கப்பூரில் நம் பிள்ளைகளிடம் வானத்தைப் பற்றிப் பேசினால் தவறாமல் வரும் கேள்வி. நல்ல கேள்வி. வெளியே காலி இடம் எதுவும் தேவையில்லை. விண்மீன் மண்டலங்களுக்கு இடையிலுள்ள வெளிதான் நீள்கிறது. நம் பார்வை எட்டுவது எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு வரைதான். அது பார்வையின் எல்லை, பிரபஞ்சத்தின் சுவர் அல்ல.

சரி, அதற்கு அப்பால்? முதல் வாய்ப்பு, முடிவில்லாமை: இதே போன்ற விண்மீன் மண்டலங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, மூடிய பிரபஞ்சம். எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சாங்கி விமான நிலையத்தில் கிளம்பி வளையாமல் கிழக்கே பறந்தால், எந்த விளிம்பையும் தொடாமல் மேற்கிலிருந்து சாங்கிக்கே வந்து சேரலாம். பூமியின் பரப்புக்கு அளவு உண்டு, ஓரம் இல்லை. முப்பரிமாண வெளியும் அப்படியே தன்மேல் வளைந்து மூடியிருக்கலாம். ஆனால் அதை யாரும் சுற்றி வர முடியாது. விரிவு வேகமெடுத்து வருவதை 1998-ல் கண்டுபிடித்தார்கள். அதனால் ஒளிகூட ஒரு சுற்றை முடிக்காது.

ஆதாரம் எந்தப் பக்கம்? பிளாங்க் விண்கலம் அளந்த ஆதி ஒளியை (பிரபஞ்சத்தின் தொடக்க காலத்திலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கும் ஒளி) பிற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், வெளி ஏறக்குறையத் தட்டையாகவே, அதாவது வளைவு இல்லாமலே, தெரிகிறது. அதனால் என் மனம் முதல் வாய்ப்பின் பக்கம் சாய்கிறது. இரண்டாவதும் செத்துவிடவில்லை: மிகப் பெரிய கோளத்தின் சிறு துண்டும் தட்டையாகத்தான் தெரியும்.